கோட்டுகள் சரியாக இருந்தன

ஒரு குழு வந்து நின்றதும் நான் முதலில் பார்ப்பது அவர்கள் கால்களைத்தான். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள். காலில் போட்டிருப்பதைப் பார்த்தால் யார் மதியத்துக்குள் தடுமாறுவார், யாருக்காகக் குழு நின்று நின்று போக வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்தில் அத்தை புத்தம்புது வெள்ளை ஷூ போட்டிருந்தார். இந்தப் பயணத்துக்காகவே வாங்கியது. மெல்லிய சேலைக்குக் கீழே அது இரண்டு வாத்துகள் மாதிரி எட்டிப் பார்த்தது. குதிகாலைக் கடிக்கும் என்று நினைத்தேன். கடித்தது.

நீங்கள் தமிழில் கேட்பதால் நானும் தமிழிலேயே நிதானமாகச் சொல்கிறேன். போலீஸ் அதிகாரிக்கு நீங்கள் அப்புறம் அவர் மொழியில் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அவசரமில்லை. என் எதிரே ஒருவர் உட்கார்ந்து, இந்த மொழியில், இவ்வளவு நேரம் நான் பேசுவதைக் கேட்டு நாளாகிவிட்டது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தீம் பார்க்கில் விடுமுறைக் காலத்தில் கூட்டம் நெரியும். வரிசையில் நிற்க முடியாதவர்கள் தனியாக ஒரு கைடை அமர்த்திக்கொள்வார்கள். பக்கவாசல் வழியாக உள்ளே போகலாம், சவாரிகளில் முதலில் ஏறலாம், பொம்மைகளுக்குப் பின்னால் இருக்கும் இயந்திரங்களையும் பார்க்கலாம். கையில் மஞ்சள் கொடி, சட்டைக் காலரில் மைக். தமிழ் பேசும் குடும்பம் வந்தால் அது எனக்குத்தான் வரும், ஏனென்றால் தமிழ் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் வந்தால் அதிகம். அந்த நாட்களில் நான் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போடுவேன்.

அந்தக் குடும்பத்தில் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய சின்னப் பெண், அண்ணனுடைய தம்பி, அத்தை. அத்தை என்றால் அண்ணன் தம்பி இரண்டு பேருடைய அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் அத்தைதான், பேத்தி முறையாகும் அந்தச் சின்னப் பெண்ணுக்கும்கூட. கொஞ்ச நேரத்தில் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

என்னிடம் ஒரு முறை உண்டு. மற்ற கைடுகள் பத்தடிக்கு ஒருதரம் திரும்பித் தலைகளை எண்ணுவார்கள். அந்தக் கூட்டத்தில் அது நடக்காது, பக்கத்துக் குழுவின் தலையையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். நான் குழுவிலேயே மெதுவாக நடப்பவர் யாரோ அவரை வாலாக வைத்துவிடுவேன். அவர் வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார், நான் கொடியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். இந்த முறையால் என் குழுவில் யாரும் தொலைந்ததில்லை. மேலாளரே பாராட்டியிருக்கிறார்.

அன்றைக்கும் அத்தையை வாலாக வைத்தேன்.

"ஏம்ப்பா, காலம் பூரா பஸ்ஸுல பின்படியில நின்னு வந்தவ நான். காசு குடுத்து வந்த எடத்துலயும் பின்னாடிதானா?" என்றார்.

"முன்னாடி விட்டா வர்றவன் போறவன்கிட்டல்லாம் டிக்கெட் கேப்பாங்க கைடு" என்றார் தம்பி. "பின்னாடியே இருக்கட்டும்."

"டிக்கெட் கேட்டாக்கூடப் பரவால்லடா. மிச்சச் சில்லறைய அப்புறம் தர்றேன்னு சொல்லிட்டு எறங்கிடுவாங்க" என்றார் அண்ணன்.

"அந்தச் சில்லறையெல்லாம் உங்க ரெண்டு பேரு வயித்துக்குள்ளதான்டா போச்சு. பெரியவன் வயித்தத் தட்டிப் பாரு, இப்பவும் சலசலங்கும்."

அண்ணன் மனைவி நடைபாதையிலேயே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை கையை வாயருகே குவித்து, "போலாம் ரைட்!" என்று கத்தினார். அவர் குரல் கூட்டத்தைத் தாண்டி வந்தது. நான் நடந்தேன்.

காலை முழுவதும் இப்படித்தான். ராட்டினத்தில் ஏற அவர் தயங்கினால், "ஏறுங்க அத்தை, உங்க வெயிட்டுக்கு அதுதான் பயப்படணும்" என்பார் தம்பி. அவர் பின்தங்கினால், "அத்தைக்கும் நத்தைக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம்." அண்ணன் கேமராவோடு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அவர் மனைவி அத்தையின் போனையும் மூக்குக் கண்ணாடியையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார், "நீங்க தொலைச்சுட்டு எங்களைத் தேடச் சொல்வீங்க" என்று. யாரும் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் கவனித்தேன். கவனிப்பதுதான் என் வேலை.

அதைக் கேலி என்கிறீர்கள். இருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. பேசினால் ஏதாவது வேலை இருக்கும், வேலை முடிந்தால் பேச்சும் முடியும். இப்போதும் அக்காவுக்குப் போன் போட்டால், "என்ன விஷயம்" என்பாள். ஒன்றுமில்லை என்றால், "சரி, வைக்கட்டுமா" என்பாள். மரியாதை என்றால் அதுதான் என்று எனக்குப் பழக்கம்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கைடுகளுக்குத் தனி மேசை. நான் பாதியில் எழுந்து முதலுதவி அறைக்குப் போய்ப் பிளாஸ்திரி வாங்கி வந்தேன். அத்தை ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். குதிகால் தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் தரையில் மண்டியிட்டு ஒட்டிவிட்டேன்.

"யாரு பெத்த பிள்ளையோ" என்று என் தலையில் கை வைத்தார். "நீ சாப்பிட்டியாப்பா?"

மற்றவர்கள் ஐஸ்கிரீம் வரிசையில் இருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "அத்தை, இவங்க உங்கள ஒரு மனுஷியாவே மதிக்கலையே. எனக்குப் பார்க்கவே கஷ்டமா இருக்கு. நான் இங்க தனியாத்தான் இருக்கேன். ரூம் சின்னதுதான். ஆனா உங்கள ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸ்கிரீமோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்து, "டேய், கேட்டீங்களாடா! கைடு தம்பி என்னைத் தத்தெடுத்துக்கறாராம்!" என்றார்.

"எடுத்துக்குங்க கைடு, எடுத்துக்குங்க" என்றார் தம்பி. "ஒரே ஒரு கண்டிசன். திருப்பிக் கொண்டாந்தா வாங்க மாட்டோம்."

"குறட்டைக்குத் தனியா ஒரு ரூம் போடணும், பாத்துக்குங்க" என்றார் அண்ணன்.

சின்னப் பெண் மட்டும் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "யாருக்கும் தரமாட்டேன்" என்று அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அத்தைதான் என் முகத்தைப் பார்த்து, "சும்மா வெளையாட்டுக்குப்பா. மனசுல வச்சுக்காத" என்றார்.

நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். மேசையைத் துடைக்க வந்த பெண் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் கொடியை எடுத்துக்கொண்டு, அடுத்தது பனி அரங்கம் என்று மைக்கில் சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பனி அரங்கம் விடுமுறைக் காலத்தில்தான் நிரம்பி வழியும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே நிஜமாகவே பனி கொட்டும். வாசலில் ஆளுக்கொரு தடித்த நீலக் கோட்டு தருவார்கள். தலையை மூடும் தொப்பியோடு சேர்த்துத் தைத்தது. போட்டுக்கொண்டால் எல்லோரும் ஒரே ஆள்தான், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வெளியே வரும்போது கோட்டு வாங்கும் பெண் எண்ணிப் பார்ப்பாள். உள்ளே போன கோட்டும் வெளியே வந்த கோட்டும் சரியாக இருந்தால் குழு முழுசாக வந்துவிட்டது என்று கணக்கு. அந்தக் குளிரில் கோட்டில்லாமல் யாரும் உள்ளே நிற்கமாட்டார்கள் என்பது அவர்களுடைய நியாயம். நல்ல நியாயம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் ஆளை எண்ணுவதில்லை.

அரங்கத்தின் கோடியில், நீல விளக்கு மங்கலாக இருக்கும் இடத்தில், ஒரு தகரச் சுவர். அதற்குப் பின்னால்தான் பனி செய்யும் இயந்திரம், அரங்கத்தைவிட அங்கே குளிர் அதிகம். சுவரோடு சுவராக ஒரு கதவு உண்டு. உள்ளே இருக்கும் கைப்பிடி உறைந்துபோய்த் திரும்பாது. அதனால் கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு மரக்கட்டையை அடியில் கொடுத்து வைத்திருப்பார்கள். கூட்டம் குறைந்ததும் கைப்பிடியை மாற்றுவதாக இருந்தது. வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

மற்றவர்கள் சறுக்கு மேட்டில் இருந்தார்கள். அத்தை ஓரமாக நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குளிருதாப்பா இல்ல வயசாயிடுச்சா, தெரியல" என்றார்.

"அந்தப் பக்கம் சூடான ரூம் ஒண்ணு இருக்கு அத்தை. உக்கார நாற்காலி இருக்கு. கோட்ட இங்கயே குடுத்துடலாம், உள்ள வேர்க்கும்."

கோட்டைக் கழற்ற நானே உதவினேன். அவர் ஒரு கை என் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை உருவினார். "நீ நல்லாருப்பா" என்றார். கதவைத் திறந்து முதலில் அவரை உள்ளே விட்டேன். இருட்டாக இருந்தது. "லைட்டப் போடுப்பா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு எட்டு வைத்தார். நான் மரக்கட்டையைக் காலால் தள்ளினேன். கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

கொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்தாயா என்று அதிகாரி கேட்கிறார். இல்லை. அவர் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் கொஞ்சம் தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு சின்னப் பாடம். அவர்கள் பதறித் தேட ஆரம்பித்த உடனே கதவைத் திறந்துவிடுவதாக இருந்தேன். அது முழுக்க முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது.

ஆனால் என்ன நடந்தது பாருங்கள். வெளியே வந்தோம். அத்தையின் கோட்டையும் சேர்த்து நான் கொடுத்தேன். அந்தப் பெண் எண்ணிப் பார்த்துத் தலையசைத்தாள். கோட்டுகள் சரியாக இருந்தன. தம்பி அத்தையைப் போலவே கையைக் குவித்து, அவர் குரலிலேயே, "போலாம் ரைட்!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நடந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் மனைவி வேறு மாதிரி சொல்லியிருக்கிறார் என்கிறீர்கள். சரி. அவர் கேட்டார், உண்மைதான். உள்ளே அரங்கத்திலேயே கேட்டார், என் கையில் கோட்டைப் பார்த்து. "அத்தை எங்க?" என்றார். அத்தை கால் வலிக்கிறது என்று சொன்னார்கள், பின்வாசல் வழியாக அழைத்துப்போய் எங்கள் ஓய்வறையில் உட்கார வைத்திருக்கிறேன், சூடாக டீ குடிக்கிறார்கள் என்று சொன்னேன். அவரும் நம்பினார். கேட்பது வேறு, தேடுவது வேறு. மருமகள் முறையில் இருப்பவர் மரியாதைக்குக் கேட்பார். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அண்ணனும் கேட்டார். அதையும் சொல்லியிருப்பார்கள். பார்க்கில் தினமும் நடக்கும் ஊர்வலத்தைப் பார்க்க இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, "நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன், ரூம் எந்தப் பக்கம்?" என்றார். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள், நான் போகிறேன் என்றேன். சோளப்பொரிக் கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே எண்ணெய் வாசனையும் குழந்தைகள் சத்தமும் இருந்தன. திரும்பி வந்து, "அசந்து தூங்கறாங்க, எழுப்ப மனசு வரல" என்றேன்.

"தூங்கட்டும் கைடு, எழுப்பாதீங்க" என்றார். "வர்ற சந்தோஷத்துல ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல. புது ஷூவப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடந்து பாத்துட்டு இருந்தாங்க. இந்த டூரே அவங்க எங்களுக்குக் குடுத்ததுதான் தெரியுமா? எங்க அப்பா அம்மா போனப்புறம் எங்க ரெண்டு பேரையும் ஆளாக்கினதே அவங்கதான்." பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க இல்லேன்னா நாங்க திண்டாடிப் போயிருப்போம்." அவர் கை சூடாக இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அதை நானும் யோசித்தேன். ஆனால் அவர் என்னை நம்பி இவ்வளவு மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்.

சின்னப் பெண் தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருந்தது. கூட்டத்தில் யார் யாரோ வந்து கேட்டார்கள். "எங்க அத்தை வருவாங்க" என்று ஒவ்வொருவரிடமும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் புரிந்ததோ என்னவோ, போய்விட்டார்கள். ஒரு தடவை என்னையும் பார்த்து, "நீங்க வேணா உக்காருங்க கைடு மாமா. அத்தை வந்தா எந்திரிச்சுக்கணும்" என்றது. உட்கார்ந்தேன். விளக்குகளும் பொம்மைக் குதிரைகளும் வாத்தியக்காரர்களும் எங்களைத் தாண்டிப் போனார்கள். தம்பி சோளப்பொரிப் பொட்டலத்தை என் பக்கமும் நீட்டினார். "எடுத்துக்குங்க கைடு, கூச்சப்படாதீங்க. அத்தை பங்கு" என்றார். நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

ஊர்வலம் முடிவதற்குள் இயந்திரக்காரர் கதவைத் திறந்துவிட்டார். வாக்கி டாக்கியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்த மொழி அவர்களுக்குத் தெரியாது. "என்ன கைடு, ஏதாவது பிரச்னையா?" என்று அண்ணன் கேட்டார். நான்தான் எழுந்து நின்று, அதிகாரிகள் வரும்வரை அவர்களை அந்த இடத்திலேயே வைத்திருந்தேன். பதற்றத்தில் யாரும் சிதறிப்போகக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குதிகாலில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அவர்கள் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதையும் மறைத்தேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

பனி அரங்கத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால், அந்தத் தகரச் சுவருக்கு முன்னால் குழுவை நிறுத்தி, பனி எப்படிச் செய்கிறார்கள் என்று நான் விளக்குவது வழக்கம். எந்தக் குழு வந்தாலும் செய்வேன். அன்றும் செய்தேன். மருமகள் அத்தையைப் பற்றிக் கேட்டு, நான் டீ என்று சொல்லி முடித்த பிறகு. பாதியில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இயந்திர இரைச்சலில் குரல் எதுவும் கேட்கவில்லை. தகரம் என்பதால் தட்டுவது மட்டும் கேட்டது.

"அம்மா, உள்ள யாரோ தட்டறாங்க" என்றது சின்னப் பெண்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கைடிடம் எப்போதும் ஒரு பதில் இருக்க வேண்டும்.

"அங்கதான் பனி செய்யற குட்டி மனுஷங்க இருக்காங்க" என்றேன் மைக்கில். "லீவு நாள்ல அவங்களுக்கு வேலை ஜாஸ்தி. நாம தட்டினா அவங்களும் பதிலுக்குத் தட்டுவாங்க. வேணும்னா தட்டிப் பாரு."

சின்னப் பெண் விரலை மடக்கித் தட்டியது. உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது, வேகவேகமாக. குழந்தை குதித்தது. தம்பி தட்டினார், தாளம் போட்டு. அதற்கும் பதில் வந்தது. "எப்படி கைடு செட்டப் பண்றீங்க இதையெல்லாம்?" என்று ஆச்சரியப்பட்டார். மருமகள் தட்டினார். அண்ணன் கேமராவை என்னிடம் கொடுத்துப் படமெடுக்கச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு நெருக்கி நின்று, உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயும் உள்ளங்கையால்தான் தட்டியது போலிருந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் அப்படிச் சிரித்தார்கள். அந்தப் படம் அவருடைய கேமராவில் இருக்கும். நன்றாக வந்திருக்கும், நான் கை நடுங்காமல்தான் எடுத்தேன்.

அவர்கள் முன்னால் நடந்ததும் நான் கொஞ்சம் பின்தங்கினேன். அந்தக் குடும்பத்தில் நான் மட்டும்தான் இன்னும் தட்டவில்லை. கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நானும் ஒரு தடவை மெதுவாகத் தட்டினேன். அத்தை எனக்கும் பதில் சொன்னார்.